இல்லாதவற்றை எழுதிக் கொடுத்த இன்ஜினியர்

நான் கோவில்பட்டியில் ஒரு தீப்பெட்டி ஆபீசில் 26 வருஷமாகக் கணக்கு எழுதுகிறேன். 2025 ஏப்ரல் நடுவில் எங்கள் வீடு முடிந்து சாவி கைக்கு வந்தது. 4 சென்ட் மனை, 1,120 சதுர அடி, தரைத்தளம் மட்டும். கட்டிக் கொடுத்தவர் உள்ளூர் சிவில் இன்ஜினியர், நாற்பது வயதுக்குள் இருப்பார். பொதுவில் பெயர் போட வேண்டாம் என்று கேட்டுக்கொண்டதால் தம்பி என்றே எழுதுகிறேன். நாங்கள் கூப்பிடுவதும் அப்படித்தான்.

வீடு கட்டுகிறவர்கள் எல்லோரும் கம்பி என்ன, சிமெண்ட் என்ன என்றுதான் விசாரிப்பார்கள். நான் சொல்ல வந்தது வேறு. எந்த வேலை பேசின விலைக்குள் வரும், எது வராது, நடுவில் மனசு மாறினால் என்ன செய்வது, இந்த மூன்றையும் இவர் கையாண்ட விதம்தான் எங்களைக் கடன் ஏறாமல் காப்பாற்றியது.

ஏன் இதை இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன் என்றால், என் நாத்தனார் வீட்டில் நடந்ததைக் கூடவே இருந்து பார்த்தவள் நான். அவர்கள் வேறொரு காண்டிராக்டரிடம் சதுர அடி ரேட் பேசி, மொத்தம் 21 லட்சம் என்று ஒரே ஒரு தாளில் கையெழுத்துப் போட்டார்கள். கூரை போட்டு முடித்த பிறகுதான் ஒவ்வொன்றாக வந்தது. செப்டிக் டேங்க் தனி, சம்ப் (தரைக்கு அடியில் கட்டும் தண்ணீர்த் தொட்டி) தனி, கைப்பிடிச் சுவர் சதுர அடியில் வராது, படிக்கட்டுக்கு மேல் கூரை எக்ஸ்ட்ரா, ஜன்னல் கம்பியின் கனம் கூட்டினால் எக்ஸ்ட்ரா. அந்த மனுஷர் ஏமாற்ற நினைத்தார் என்று நான் சொல்ல மாட்டேன். அவர் மனதில் ஒரு வீடு இருந்தது, இவர்கள் மனதில் ஒரு வீடு இருந்தது, தாளில் இரண்டுமே இல்லை. கடைசியில் 5 லட்சத்து 80 ஆயிரம் கூடுதல். நாத்தனார் வளையலும் ஆரமும் இன்னும் அடகுக் கடையில்தான் இருக்கின்றன.

அதனால் எங்கள் முறை வந்தபோது மூன்று பேரிடம் விலை கேட்டோம். ஒருவர் சதுர அடிக்கு 2,100 ரூபாய் சொன்னார். தம்பி சொன்னது 2,450. கணக்குப் போட்டால் 3,92,000 ரூபாய் வித்தியாசம். என் வீட்டுக்காரர் அப்போதே எழுந்து போகப் பார்த்தார். தம்பி ஒரு வார அவகாசம் கேட்டார். அப்புறம் ஆறு பக்கம் டைப் அடித்துக் கொண்டுவந்து கொடுத்தார். முதல் ஐந்து பக்கம் என்னென்ன செய்வார் என்பது. டைல்ஸ் சதுர அடிக்கு எவ்வளவு ரூபாய் வரை நாங்கள் தேர்ந்தெடுக்கலாம், எந்த அறையில் எத்தனை கரண்ட் பாயிண்ட், வெளிப்பூச்சு எத்தனை மில்லிமீட்டர், நிலைக்கதவு என்ன மரம், எல்லாம் இருந்தது. ஆறாவது பக்கத்தின் தலைப்பு "இந்த விலையில் இல்லாதவை". அதில் 17 வரி. காம்பவுண்ட் சுவர், கேட், போர்வெல், மின்வாரிய டெபாசிட், ஃபேன், லைட், சமையலறை அலமாரி, இப்படிப் போகிறது. செப்டிக் டேங்கும் சம்ப்பும் கைப்பிடிச் சுவரும் விலைக்குள்ளேயே இருந்தன. 2,100 சொன்னவரிடம் அதே பட்டியலைக் காட்டி ஒவ்வொன்றாகக் கேட்டேன். அவர் தனி என்று சொன்னவற்றையெல்லாம் கூட்டிப் பார்த்தால் இரண்டு விலைக்கும் பெரிய இடைவெளியே இல்லை.

வேலை தொடங்கும் முன் தம்பி எங்களை உட்காரவைத்து இரண்டு மணி நேரம் கேள்வி கேட்டார். "அக்கா, மேல ஒரு மாடி பின்னால வருமா?" என்பதுதான் முதல் கேள்வி. நாங்கள் அதைப் பற்றி யோசித்ததே இல்லை. வரும் என்றால் அஸ்திவாரமும் தூண்களும் இப்போதே அதற்கு ஏற்றபடி போட வேண்டும், பிறகு சேர்க்க முடியாது என்றார். பெங்களூரில் இருக்கும் பையனைப் போனில் பிடித்துப் பேசி, மாடி வரும் என்று முடிவு செய்தோம். அத்தை அந்த நேரத்தில் பூஜை அறை ஈசானிய மூலையில்தான் வேண்டும் என்றார்கள். பிளானில் அது வேறு இடத்தில் இருந்தது. "இன்னிக்குச் சொன்னா ரூபாய் கிடையாது, பிளிந்த் பீம் போட்ட பிறகு சொன்னா காசாகும்" என்று சொல்லி அங்கேயே பென்சிலால் மாற்றினார். பிளிந்த் பீம் என்றால் அஸ்திவாரத்துக்கு மேல், சுவர் எழுப்பும் முன் போடும் கான்கிரீட் உத்தரம். பிளான் அனுமதிக்குக்கூட இன்னும் போடவில்லை என்பதால் அது சுலபமாக முடிந்தது. 2024 ஜூலையிலிருந்து 2,500 சதுர அடி வரை மனையில் 3,500 சதுர அடிக்குள் வீடு என்றால் சுயசான்று அடிப்படையில் ஆன்லைனிலேயே அனுமதி கிடைக்கிறது. எங்களுக்கும் அப்படித்தான் கிடைத்தது.

இங்கே மண் கரிசல். மழையில் உப்பும், வெயிலில் சுருங்கி விரிசல் விடும். எத்தனை அடி தோண்டினால் சுக்கான், அதாவது கரிசலுக்குக் கீழே இருக்கும் கெட்டியான சுண்ணாம்புப் படிவம், வரும் என்று தோண்டும் முன் யாராலும் சரியாகச் சொல்ல முடியாது. மற்ற இருவரும் "பார்த்துக்கலாம்" என்றுதான் சொன்னார்கள். தம்பி எழுதியது இது: ஆறு அடி வரை விலைக்குள், அதற்குக் கீழே போனால் ஒரு தூண் குழிக்கு ஒரு அடிக்கு 2,100 ரூபாய், அளவை எங்கள் முன்னால் டேப் வைத்து எடுக்க வேண்டும். 12 குழிகளில் நான்கு மட்டும் ஏழு அடி வரை போயின. 8,400 ரூபாய். குழிக்குள் டேப்பை விட்டு அளந்து காட்டிய பிறகுதான் கையெழுத்துப் போட்டேன். தெரியாத செலவுக்கும் முன்கூட்டியே ஒரு ரேட் எழுதிவைக்க முடியும் என்பதை, இத்தனை வருஷம் கணக்கு எழுதியும் இவரிடம்தான் கற்றுக்கொண்டேன்.

அடுத்தது சீட்டுப் புத்தகம். கடையில் கிடைக்கும் சாதாரண கார்பன் வைத்த பில் புத்தகம்தான். வேலை தொடங்கிய பிறகு நாம் எதை மாற்றச் சொன்னாலும் அதில் ஒரு சீட்டு எழுதுவார். என்ன மாற்றம், எவ்வளவு ரூபாய், எத்தனை நாள் கூடும், வேறு எந்த வேலையை அது தொடும். இரண்டு பேரும் கையெழுத்துப் போட்ட பிறகுதான் கொத்தனார் கரண்டியை எடுப்பார். என் வீட்டுக்காரர் ஒருநாள் சைட்டுக்குப் போய், "இந்தச் சுவத்துல ஒரு ஷெல்ஃப் போட்டுருப்பா" என்று கொத்தனாரிடம் சொல்லியிருக்கிறார். அவர், "அண்ணாச்சி, சீட்டு இருக்கா?" என்று கேட்டுவிட்டார். தன் சொந்த வீட்டில் தன் பேச்சுக்கு மதிப்பில்லை என்று இவருக்கு இரண்டு நாள் கோபம். எனக்கோ அந்த ஒரு கேள்வியில்தான் நம்பிக்கை வந்தது. நாத்தனார் வீட்டு எக்ஸ்ட்ராவில் பாதிக்கு மேல் இப்படிப் போகிற போக்கில் சொன்னவைதான்.

நாங்கள் மாற்றியவை: போர்ட்டிகோவை கார் நிற்க 2 அடி நீட்டியது, 46,000 ரூபாய், ஆறு நாள். இரண்டு அடிக்கு ஆறு நாளா என்று கேட்டோம். உத்தரத்தை மறுபடி டிசைன் செய்து கம்பி மாற்ற வேண்டும், அதுவரை சென்ட்ரிங் (கான்கிரீட் ஊற்ற அடிக்கும் பலகை வேலை) காத்திருக்க வேண்டும் என்று சீட்டிலேயே காரணம் இருந்தது. இரண்டு லாஃப்ட் 9,500. பின்புறம் வெஸ்டர்ன் டாய்லெட் 3,200. ஏசி பாயிண்ட் 4,800. படிக்கட்டுக்கு அடியில் ஸ்டோர் ரூம் கேட்டோம், 38,000 ரூபாய், எட்டு நாள் என்று எழுதியதைப் பார்த்ததும் விட்டுவிட்டோம். அத்தை மட்டும் கொஞ்சம் வருத்தப்பட்டார்கள்.

இன்னொன்றை அவசியம் சொல்ல வேண்டும். ஹாலுக்கும் சாப்பிடும் இடத்துக்கும் நடுவே இருந்த சுவர் வேண்டாம் என்று சொன்னோம். நாங்கள் கேட்காமலே 11,000 ரூபாய் கழித்து ஒரு சீட்டு எழுதினார். கூட்டுவதற்கு எழுதுகிறவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். கழிப்பதற்கும் அதே புத்தகத்தில் எழுதியவர் இவர்தான். குழி ஆழத்தையும் சேர்த்து நிகரக் கூடுதல் 60,900 ரூபாய். 27,44,000 என்று பேசியது 28,04,900-ல் முடிந்தது. ஒரு ரூபாய்கூட எதற்கு என்று தெரியாமல் கொடுக்கவில்லை.

குறை இல்லாமல் இல்லை. அந்த ஆறு பக்கத்தில் ஒரு வரி மட்டும் மொட்டையாக இருந்தது: "மழைநீர் சேகரிப்புத் தொட்டி 1". எங்கே, எவ்வளவு ஆழம் என்று இல்லை. தமிழ்நாட்டில் 2003-லிருந்தே இது எல்லா வீட்டுக்கும் கட்டாயம், ஆனால் கரிசல் மண்ணில் மேலாக ஒரு குழி போட்டால் தண்ணீர் இறங்காமல் தேங்கி நிற்கும். அஸ்திவாரத்துக்குப் பக்கத்தில் தேங்கினால் மண் உப்பி வீட்டுக்கே கெடுதல். முதலில் போட்ட குழி அப்படித்தான் ஐப்பசி மழையில் நிரம்பி நின்றது. தள்ளி வேறு இடத்தில், சுக்கானையும் தாண்டித் துளை போட்டு இறக்க வேண்டியதாயிற்று. அது விலைக்குள் வருமா வராதா என்று அன்றைக்குச் சரியான வாக்குவாதம். எழுதியது தெளிவில்லை, அது தன் தவறு என்று ஒப்புக்கொண்டு பாதிச் செலவை ஏற்றார். எங்கள் பங்கு 7,000 ரூபாய், மேலே சொன்ன கணக்கில் அது சேரவில்லை. புதிதாக எழுதி வாங்குகிறவர்கள் அந்த வரியை விரித்து எழுதச் சொல்லுங்கள்.

நாள் கணக்கிலும் ஒரு வாரம் தள்ளியது. சொன்னது 210 நாள், சீட்டுகளால் கூடியது 9 நாள், ஆனது 226. பெயிண்டர்கள் பங்குனி உத்திரத்துக்குச் சாஸ்தா கோயிலுக்குப் போய்விட்டார்கள். நம் பக்கத்தில் அந்த வாரம் யாரும் வேலைக்கு வர மாட்டார்கள் என்பது ஊருக்கே தெரியும், அதை அவர் முதலிலேயே கணக்கில் எடுத்திருக்க வேண்டும்.

வாட்ஸ்அப்பில் கேட்டால் இவரிடமிருந்து பதில் சீக்கிரம் வராது, நேரில்தான் போக வேண்டும். ஒரே நேரத்தில் மூன்று வீட்டுக்கு மேல் எடுப்பதில்லை. ஆவணியில் தொடங்க நினைப்பவர்கள் சித்திரையிலேயே போய்ப் பேசிவிடுவது நல்லது. நம்பர் வேண்டுமென்றால் அவரிடம் கேட்டுவிட்டுத் தருகிறேன். அந்த ஆறு பக்கத்தின் ஜெராக்ஸ் என்னிடம் ஒன்றுதான் இருந்தது, அதை இப்போது நாத்தனார் மகன் வாங்கிப் போயிருக்கிறான், தை மாதம் அவனும் கடக்கால் போடப் போகிறான்.