நாய்கள் உலவும் முற்றத்தில் செயற்கைப் புல்: மூன்று கோடைகளுக்குப் பின்

திருச்சியில் எங்கள் வீட்டின் பின்முற்றத்தில் செயற்கைப் புல் விரித்து மூன்று கோடைகள் கடந்துவிட்டன. ஒரு லாப்ரடாரும் ஒரு நாட்டு நாயும் நாளெல்லாம் அதன்மீதுதான் கிடக்கின்றன. நாய் வளர்ப்பவர்கள் கடையில் புல்லின் உயரத்தையும் அடர்த்தியையும் தடவிப் பார்த்துத் தேர்ந்தெடுக்கிறார்கள். ஆனால் அந்த விரிப்பு நிலைக்குமா, நாறுமா என்பதைத் தீர்மானிப்பது அதற்கு அடியில் இருக்கும் தளமே என்பதுதான் என் அனுபவம்.

எங்கள் முற்றத்தில் பாதி பழைய சிமென்ட் தளம், மீதி வெறும் மண். சிமென்ட் தளத்தில் கழிவுநீர்க் குழாய் இருக்கும் மூலையை நோக்கிக் கொத்தனார் முன்பே நல்ல வாட்டம் விட்டிருந்ததால், அதன்மேல் நீர் ஓட இடைவெளி தரும் பிளாஸ்டிக் தட்டுகளை அடுக்கிப் புல்லை விரித்தார்கள். மண் பகுதியிலோ மேல்மண்ணை வெட்டியெடுத்து, ஜல்லி பரப்பி, கிரஷர் தூள் (கல் உடைக்கும்போது வரும் பொடி) கொட்டி இறுக்கிவிட்டு விரித்தார்கள். மேலே பார்த்தால் இரண்டுக்கும் வேறுபாடு தெரியாது. ஆனால் சிமென்ட் பகுதியில் தண்ணீர்க் குழாயைத் திறந்துவிட்டால் எல்லாம் கழுவிக்கொண்டு போய்விடுகிறது. மண் பகுதியில் நாய் விட்ட சிறுநீர் கிரஷர் தூளில் ஊறி அங்கேயே தங்கிவிடுகிறது. சிறுநீரில் உள்ள யூரியாவை நுண்ணுயிரிகள் அம்மோனியாவாக மாற்றுவதால்தான் நாற்றம் எழுகிறது. எனவே மழையில்லாத மாதங்களில், இரண்டு நாள் தண்ணீர் விடத் தவறினாலும் மாலை வேளையில் கொல்லைக் கதவைத் திறக்க முடிவதில்லை. விற்றவர்கள் தந்த உத்தரவாதம் நிறம் மங்குவதற்கு மட்டுமே. நாற்றத்தைப் பற்றி அதில் ஒரு வரியும் இல்லை.

லாப்ரடார் எப்போதும் ஒரே மூலையில்தான் காலைத் தூக்கும். அந்த இடத்தில் ஒருமுறை விரிப்பின் விளிம்பைப் புரட்டிப் பார்த்தபோது, அடிப்புறத் துளைகளில் நாய் முடியும் மணலும் சேர்ந்து, விளக்குத்திரி போலத் திரண்டு அடைத்திருந்தன. துளைகள் அடைபட்டால் எவ்வளவு தண்ணீர் ஊற்றினாலும் பயனில்லை. ஆகவே, வாரம் ஒருமுறை விறைப்பான துடைப்பத்தால் இழைகள் சாய்ந்திருக்கும் திசைக்கு எதிராகக் கூட்டி முடியை வாரியெடுப்பது கட்டாயமாகிவிட்டது. இழைகள் நிமிர்ந்து நிற்பதற்காகத் தூவப்பட்ட சிலிக்கா மணலையும் முடிந்தவரை அகற்றிவிட்டு, ஜியோலைட் குருணையைத் தூவினோம். இறால் பண்ணைகளில் அம்மோனியாவைக் கட்டுப்படுத்தப் பயன்படும் அதே கனிமம்தான் இது. அம்மோனியத்தை, அதாவது அம்மோனியா நீரில் கரைந்து மாறும் வடிவத்தை, பிடித்து வைத்துக்கொள்ளும் இயல்புடையது என்றாலும், ஓரளவுக்கு மேல் நிறைந்துவிட்டால் அதற்கு வேலையில்லை. உப்புக் கரைசலில் ஊறவைத்தால் சோடியம் ஏறி அம்மோனியம் வெளியேறும் என்பதால், அவ்வப்போது உப்புநீர் தெளித்துக் கழுவுகிறோம். நாற்றம் முற்றிலும் போய்விட்டது என்று சொல்லமாட்டேன், ஆனால் கொல்லைப்புறத்தில் நாற்காலி போட்டு உட்கார முடிகிறது.

கழுவுவதற்கு எதைப் பயன்படுத்தலாம் என்பதில் மிகுந்த கவனம் தேவை. நம் வீடுகளில் கை முதலில் நீள்வது கறுப்பு பினாயிலுக்குத்தான். அதிலுள்ள பீனால் வகைப் பொருள்கள் நாய்க்குத் தீங்கானவை, பூனைக்கோ இன்னும் கொடியவை. பிளீச்சிங் பவுடரும் கூடாது, ஏனெனில் அது அம்மோனியாவுடன் சேர்ந்தால் மூச்சை அடைக்கும் குளோரமீன் வாயு உண்டாகும். நீர் கலந்த வினிகரும், செல்லப்பிராணிகளுக்கென விற்கப்படும் நொதித் திரவமும் எங்களுக்குப் போதுமானவையாக இருக்கின்றன.

நாற்றத்துக்காவது மருந்து உண்டு, வெப்பத்துக்கு இல்லை. உயிருள்ள புல் நீரை ஆவியாக்கித் தன்னைக் குளிர்வித்துக்கொள்ளும். பாலிஎத்திலீன் இழைக்கு அந்த வழியில்லை. அமெரிக்காவின் பிரிகாம் யங் பல்கலைக்கழகத்தில், ரப்பர் துகள் நிரப்பிய செயற்கைப் புல் மைதானம் ஒன்றை 2002இல் அளந்து பார்த்தபோது, ஏறத்தாழ 79 டிகிரி செல்சியஸில் இருந்த பரப்பு தண்ணீர் விட்டதும் 29 டிகிரிக்கு இறங்கி, ஐந்தே நிமிடங்களில் மீண்டும் 49 டிகிரியைத் தொட்டது. எங்கள் விரிப்பில் ரப்பர் துகள் இல்லை. ஆனாலும் கத்திரி வெயிலில் நண்பகலில் புறங்கையை வைத்தால் உடனே எடுக்க வேண்டியிருக்கிறது. நாட்டு நாய் அந்தப் பக்கமே போகாது, சுவரோரமாகச் சுற்றிக்கொண்டு செல்லும். பாதம் பொசுங்குவது தெரிந்தும் பந்துக்காக ஓடுவது லாப்ரடார்தான். நிழல்வலை கட்டிய பிறகும் காலை பத்து மணியிலிருந்து மாலை ஐந்து மணிவரை அவற்றை வெயில் பகுதியில் விடுவதில்லை.

இவ்வளவுக்குப் பிறகும் ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் இந்தப் புல்லைக் குறை சொல்ல மனம் வருவதில்லை. முன்பெல்லாம் மழை விட்டதும் எட்டுக் கால்களின் சேறு கூடம்வரை வரும். இப்போது வாசலில் ஒரு பழைய துண்டு போதும். பள்ளம் தோண்டுவதும் நின்றுவிட்டது. உண்ணித் தொல்லை மட்டும் குறையவில்லை: நாய் உண்ணிகள் சுவர் இடுக்கிலும் விரிப்பின் மடிந்த விளிம்பிலும் ஒளிந்துகொள்கின்றன. சித்திரையில் பக்கத்து வீட்டு வேம்பு பூத்தால், அந்தச் சின்னஞ்சிறு பூக்கள் இழைகளுக்குள் இறங்கிவிடும், கூட்டினாலும் வராது, காய்ந்து பொடியான பின்புதான் போகும்.

நாய்கள் ஓடும் தடத்தில் இழைகள் படுத்துவிட்டன, ஓரங்களில் சில உதிர்கின்றன. குட்டி வளர்ப்பவர்கள் இதைச் சாதாரணமாக எடுத்துக்கொள்ளக் கூடாது. கடித்து விழுங்கிய இழைகள் குடலில் சிக்கக்கூடும். வெயில் விழும் மண் பகுதியின் விரிப்பை வரும் பங்குனிக்கு முன் எடுத்துவிட்டு, மணல் கொட்டி, நாய்கள் மேய்வதற்கு ஓரமாக அறுகம்புல் வைக்க முடிவு செய்திருக்கிறோம். நிழலுள்ள சிமென்ட் பகுதியில் இருப்பது அப்படியே இருக்கும். அது கிழிந்தாலும் அங்கே மீண்டும் செயற்கைப் புல்லையே விரிப்போம்.