அப்பாவின் கையெழுத்தும் என் ஐந்து வார லீவும்

போன தை மாதம் கோபி பாங்கிலிருந்து அப்பா கொடுத்த செக் திரும்பி வந்தது. கையெழுத்து ஒத்துப்போகவில்லையாம். முதல் எழுத்து பழைய அளவில் இருக்கிறது, கடைசி எழுத்து கடுகாகச் சுருங்கியிருக்கிறது. அப்பாவுக்கு நடுக்குவாதம் (பார்கின்சன் நோய்) வந்து ஒன்பது வருசம். தம்பி அந்தப் படத்தை அனுப்பியதும் மெல்பர்னில் ஐந்து வார லீவு போட்டுவிட்டு, சிங்கப்பூர் வழியாகக் கோவையில் வந்து இறங்கினேன். மூளைக்குள் மின்முனை வைக்கும் டிபிஎஸ் சிகிச்சையை முடித்துவிட்டுத் திரும்புவதாகத் திட்டம்.

முதலில் போன ஆஸ்பத்திரியில் பத்தே நிமிசத்தில் ஆபரேசன் தேதி கொடுத்தார்கள். அப்பாவை நடக்கவைத்துக்கூடப் பார்க்கவில்லை. எனக்கு மனசு ஒப்பவில்லை. அடுத்துப் பார்த்த நரம்பியல் டாக்டர் தேதியைப் பற்றிப் பேசவே இல்லை. முந்தின ராத்திரியோடு மாத்திரையை நிறுத்திவிட்டுக் காலையில் கூட்டிவரச் சொன்னார்.

அந்தக் காலையை மறக்க முடியாது. நம்பியூர், அவினாசி வழியாகப் போய் இறங்கினால், அப்பாவுக்குப் பாதம் தரையோடு ஒட்டிக்கொண்டது. நானும் தம்பியும் கக்கத்தில் கை கொடுத்து உள்ளே கொண்டுபோனோம். விரலைத் தட்டச் சொல்லி, எழச் சொல்லி, நடக்கச் சொல்லி மார்க் போட்டார் டாக்டர். பிறகு லெவோடோபா என்ற நடுக்குவாத மாத்திரையைக் கொடுத்தார். முக்கால் மணி நேரத்தில் அப்பா தானாக எழுந்து வராந்தாவில் நடந்தார். மறுபடி மார்க். ஆபரேசன் செய்வதற்குக் குறைந்தது 30 சதவீதமாவது முன்னேற்றம் தெரிய வேண்டுமாம்.

"மாத்திரைக்கு எது கேக்குதோ, பெரும்பாலும் அதுதானுங்க இதுக்கும் கேக்கும். மாத்திரை போட்டும் தீராத தடுமாற்றம், பேச்சுக் குழறல் இதுலயும் தீராது. நோயும் நிக்காது" என்றார். இவ்வளவு பச்சையாகச் சொன்னதால்தான் அவரை நம்பினேன்.

அப்பாவுக்கு வேறொரு பயம். "மூளையைச் சுடுவாங்களாமா கண்ணு?" என்று வழியெல்லாம் கேட்டுக்கொண்டே வந்தார். பழைய முறை அப்படித்தான். 1987-ல் பிரான்சின் கிரெனோபிளில் பெனாபித் என்ற மருத்துவர், சுட வேண்டிய இடத்தை மின்சாரத்தால் சோதித்தபோது, வேகமான துடிப்பிலேயே நடுக்கம் அடங்குவதைக் கண்டார். சுடாமலே அடக்கலாம், வேண்டாமென்றால் அணைத்தும் வைக்கலாம். அதைக் கேட்ட பிறகுதான் அப்பா தலையாட்டினார்.

ஆபரேசனில் பாதி நேரம் விழித்திருந்தார். கையை மூடித் திறக்கச் சொன்னார்களாம், மாதங்களின் பெயரைச் சொல்லச் சொன்னார்களாம். "ஐப்பசி சொல்லும்போது கை நின்னுபோச்சு" என்று சொல்லிச் சொல்லி அழுதார். மின்முனைக்கு மின்சாரம் தரும் பேட்டரி காறை எலும்புக்குக் கீழே, தோலுக்கடியில் இருக்கிறது.

அந்த ஆஸ்பத்திரியிலும் ஒரு குறை. வார்டில் மாத்திரை நேரம் அவர்கள் வசதிப்படிதான். வீட்டில் ஆறு, பத்து, இரண்டு என்று மணி பிசகாமல் போடுகிறவருக்கு ஒரு நாள் ஒன்றரை மணி நேரம் தாமதம். தண்ணீர் விழுங்கக்கூட முடியாமல் கிடந்தார். இந்த நோயாளிக்கு நேரம்தான் பாதி மருந்து. ஊரில் யாரையாவது சேர்த்தால் மாத்திரை நேரத்தை எழுதிக் கட்டில் தலைமாட்டில் ஒட்டிவிடுங்கள்.

பணம் பெரும்பாலும் கருவிக்கே போகிறது. சாதா பேட்டரி சில வருசத்தில் தீர்ந்து, மாற்ற மறுபடி ஆபரேசன். சார்ஜ் செய்யும் வகைக்கு விலை கூட, ஆனால் 15 வருசம் வரை போகும். இரண்டு விலையையும் முன்னாலேயே கேட்டுவிடுங்கள்.

நான் செய்த தப்பு லீவைக் கணக்குப் போட்டதில். தையல் ஆறி, நாலாவது வாரம்தான் கருவியை முடுக்கினார்கள். உண்மையான வேலை அதற்கப்புறம்தான்: மின்னோட்டத்தைக் கொஞ்சம் கூட்டி, மாத்திரையைக் கொஞ்சம் குறைத்து, மாதக்கணக்கில் சரிபார்க்க வேண்டும். ஒரு முறை கூட்டியபோது பேச்சு குழறியது; குறைத்ததும் தெளிந்தது. பக்கத்தில் இருந்தது தம்பி, நான் போனில் பார்த்தேன். ஒரே தடவைதான் வரமுடியும் என்கிறவர்கள் ஆபரேசனுக்கு வருவதைவிட இந்த நாட்களுக்கு வாருங்கள்.

பாங்கில் புதுக் கையெழுத்து மாதிரி கொடுக்கச் சொல்லித் தம்பி விண்ணப்பம் வாங்கி வைத்திருக்கிறான். "இன்னும் ரெண்டு மாசம் பொறு சாமி, பழைய கையெழுத்தே வருதான்னு பாக்கறேன்" என்கிறார் அப்பா. தினமும் சாயங்காலம் கோடு போட்ட நோட்டில் எழுதிப் பார்க்கிறார்.