பேஸ் அடிக்கும்போது ஹெட்லைட் கண் சிமிட்டினால்

சிக்னலில் வண்டி நிற்கிறது, பாட்டு ஓடுகிறது. சப்வூஃபர் (பேஸுக்கான பெரிய ஸ்பீக்கர்) ‘தும்’ என்று அடிக்கும்போதெல்லாம் ஹெட்லைட்டும் கூடவே மங்கி எழுகிறது. இதைச் சொன்னதும் ஆளுக்கு ஒரு வைத்தியம் சொல்வார்கள்: கெபாசிட்டர் (கொஞ்சம் மின்சாரத்தைச் சேமித்துச் சட்டென்று கொடுப்பது) மாட்டு, இன்னொரு பேட்டரி போடு, வயரைத் தடியாக்கு, ஆல்டர்நேட்டரையே (இன்ஜின் சுற்றும்போது மின்சாரம் தயாரிப்பது) பெரிதாக்கு. நான்கும் வேலை செய்யும்தான். ஆனால் ஒவ்வொன்றும் ஒவ்வொரு வியாதிக்கு.

முதலில் கணக்கு. 1000 வாட்ஸ் ஆர்எம்எஸ் (விடாமல் தரக்கூடிய சக்தி) கிளாஸ் டி ஆம்ப் (ஸ்பீக்கரை ஓட்டும் ஆம்ப்ளிஃபயரில் மின்சாரத்தை அதிகம் வீணாக்காத வகை) ஒன்று, 80 சதவீதத் திறன் என்று வைத்துக்கொள்வோம். முழு வீச்சில் அது 1250 வாட்ஸ் இழுக்கும், 13.8 வோல்ட்டில் சுமார் 90 ஆம்பியர். பழைய கிளாஸ் ஏபி ஆம்ப் என்றால் இதே சத்தத்துக்கு 130 வரை போகலாம். ஏபி வைத்திருப்பவருக்கு முதல் யோசனை ஆம்பை மாற்றுவதுதான். பாட்டு முழுக்க இந்த அளவு இழுக்காது. சராசரி மூன்றில் ஒரு பங்கு என்றால் 30 ஆம்பியர். பேஸ் விடாமல் ஓடும் பாட்டுக்கு இன்னும் கூடும். அட்டைப்பெட்டி மேல் அச்சடித்த ‘3000 வாட்ஸ் மேக்ஸ்’ எல்லாம் கணக்கில் வராது.

கெபாசிட்டரைச் சீக்கிரம் முடித்துவிடலாம். 1 ஃபாரட் கெபாசிட்டர் 14.4 வோல்ட்டிலிருந்து 12 வோல்ட்டுக்கு இறங்கும்போது கொடுப்பது சுமார் 32 ஜூல். நம் 1000 வாட்ஸ் ஆம்புக்கு அது ஒரு வினாடியில் சுமார் நாற்பதில் ஒரு பங்குதான் தாங்கும். ஒரு ட்ரம் அடியின் முனையை மட்டும் மழுக்கும். தீர்ந்ததை நிரப்பும் வேலை மறுபடியும் ஆல்டர்நேட்டர் தலையில்தான்.

இரண்டாவது பேட்டரிக்கு உண்மையான உபயோகம் ஒன்று உண்டு: இன்ஜினை அணைத்துவிட்டுப் பாட்டு கேட்பவர்களுக்கு. அங்கே எத்தனை ஆம்பியர் ஆல்டர்நேட்டர் இருந்தும் பயனில்லை, அது சுற்றவே இல்லையே. ஏஜிஎம் பேட்டரி (அமிலத்தைக் கண்ணாடி இழைப் பாயில் உறிஞ்சி வைத்த வகை) சாதாரண பேட்டரியைவிட வேகமாகக் கொடுக்கும், வேகமாக வாங்கும். லித்தியம் இன்னும் வேகம். ஆனால் காலியான லித்தியம் ஆல்டர்நேட்டரை உறிஞ்சியே சூடாக்கிவிடும், இன்ஜின் பக்கத்துச் சூடும் அதற்கு ஆகாது. ஓடும் வண்டியிலோ கூடுதல் பேட்டரியும் ஒரு சுமைதான். சட்டியில் இருந்தால்தான் அகப்பையில் வரும். அகப்பையைப் பெரிதாக்கினால் சட்டி நிறையாது.

பலர் தாண்டிப் போவது வயரை. நானும் தாண்டினேன். என் வண்டியில் ஹெட்லைட் மங்கவே இல்லை. ஆனால் சத்தம் கூட்டினால் ஆம்ப் புரொடெக்ட்டுக்குப் போய்விடும் (தன்னைக் காத்துக்கொள்ளத் தானே நின்றுவிடும்). அவசரப்பட்டு கெபாசிட்டர் வாங்கினேன், மாற்றமே இல்லை. பிறகுதான் 50 ஹெர்ட்ஸ் டெஸ்ட் டோனைச் சில வினாடிகள் ஓடவிட்டு அளந்தேன் (நீண்ட நேரம் விட்டால் ஸ்பீக்கர் காயில் கருகும்). பேட்டரி முனையில் 13.6, ஆம்ப் முனையில் 12.2. மல்டிமீட்டரின் ஒரு முள்ளை பேட்டரி நெகட்டிவிலும் இன்னொன்றை ஆம்பின் எர்த்திலும் வைத்தால் 0.9 வோல்ட். சீட்டுக்கு அடியில் எர்த் போல்ட்டைக் கழற்றினேன். அடியில் பளபளவென்று பெயின்ட், சுரண்டாமலே முறுக்கியிருந்தார்கள்.

ஹெட்லைட் மங்காமல் ஆம்ப் மட்டும் மூச்சு வாங்கினால் கோளாறு ஆம்புக்குப் போகும் வயரில். ஹெட்லைட்டும் சேர்ந்து மங்கினால் கோளாறு பேட்டரி, ஆல்டர்நேட்டர் பக்கம். அங்கேயும் வயர் உண்டு: ஆல்டர்நேட்டர் பாசிட்டிவிலிருந்து பேட்டரிக்கு, பேட்டரி நெகட்டிவிலிருந்து பாடிக்கு, இன்ஜினிலிருந்து பாடிக்கு. ‘பிக் த்ரீ’ என்பது இந்த மூன்றையும் தடித்த செம்பு கேபிளாக மாற்றுவதுதான். 100 ஆம்பியர் ஓடும் பாதையில் வெறும் 5 மில்லி ஓம் இருந்தாலே அரை வோல்ட் போய்விடும். செம்பு பூசிய அலுமினியக் கேபிளை அதே தடிமனில் வாங்கினால் பாதி ஆதாயம் அதிலேயே போய்விடும்.

இதையெல்லாம் சரி செய்தும் ஐட்லிங்கில் (வண்டி நின்று இன்ஜின் மட்டும் ஓடும்போது) பேட்டரி முனை 12.5-க்குக் கீழேயே கிடந்தால், அப்போது பற்றாக்குறை நிஜம். இன்ஜினை 2000 ஆர்பிஎம் வரை ஏற்றிப் பாருங்கள். உடனே 13.8-க்கு ஏறினால் குறை ஐட்லிங்கில் மட்டும். அப்போதும் ஏறாவிட்டால் ஆல்டர்நேட்டர் மொத்தத்துக்கே சின்னது.

வாங்கும்போது பெரிய எண்ணைப் பார்த்து மயங்கக்கூடாது. ‘90 ஆம்பியர்’ என்று எழுதியிருப்பது ஆல்டர்நேட்டர் 6000 ஆர்பிஎம் அளவில் சுற்றும்போது வருவது. ஐட்லிங்கில் அதில் பாதி வந்தாலே பெரிது. ஏசி ப்ளோவர், ரேடியேட்டர் ஃபேன், ஹெட்லைட் என்று வண்டியே அதைத் தின்றுவிடும். பழையதன் உள்ளே இருக்கும் செம்புக் கம்பியை ரீவைண்ட் செய்து (மாற்றிச் சுற்றி) ‘200 ஆம்பியர்’ ஆக்கியதில் உச்சம் ஏறும், ஆனால் ஐட்லிங் முன்பைவிடக் குறைவதும் உண்டு. ஹேர்பின் ஸ்டேட்டர் (உருண்டைக் கம்பிக்குப் பதில் தட்டையான தடித்த செம்பு நெருக்கமாகச் செருகிய சுருள்) வைத்த புதியவை ஐட்லிங்கிலும் நன்றாகத் தரும். என் ஓட்டு அதற்குத்தான், விலை கூடினாலும். ஐட்லிங் அளவைச் சோதித்த தாளைக் காட்டச் சொல்லிக் கேளுங்கள். சின்ன புல்லி போட்டு வேகமாகச் சுற்றவைப்பது குறுக்கு வழி. ஐட்லிங் தேறும், ஹைவேயில் பேரிங்கும் பெல்ட்டும் அனுபவிக்கும்.

மின்சாரம் சும்மா வராது. 14 வோல்ட்டில் 200 ஆம்பியர் என்றால் 2800 வாட்ஸ். ஆல்டர்நேட்டரில் வீணாவதையும் சேர்த்தால் இன்ஜினிடமிருந்து ஆறேழு குதிரைசக்தி பிடுங்கும். சின்ன இன்ஜினில் அது தெரியும், பெல்ட் கீச்சிடும். கம்பெனி போட்ட சார்ஜிங் ஃபியூஸையும் கேபிளையும் சேர்த்தே மாற்ற வேண்டும். புதிய வண்டிகளில் ஆல்டர்நேட்டர் வோல்டேஜை ஈசியூவே (இன்ஜினைக் கட்டுப்படுத்தும் கம்ப்யூட்டர்) தீர்மானிக்கிறது. பேட்டரி நிறைந்ததும் எரிபொருள் மிச்சப்படுத்த 13-க்குக் கீழே இறக்கிவிடும். அப்படிப்பட்ட வண்டியில் அளந்த எண்ணை வைத்து அவசரப்படாதீர்கள்; ஆம்பின் எர்த்தையும் பேட்டரி நெகட்டிவில் நேராக மாட்டாமல் பாடியில் மாட்டுங்கள். நேராக மாட்டினால், நெகட்டிவ் முனையில் கரண்டை அளக்கும் சென்சார் வழியாகப் போகாத கரண்ட் ஈசியூவுக்குத் தெரியாது.

என் வண்டியில் ஆல்டர்நேட்டர் இன்னும் பழையதுதான். பெயின்ட்டைச் சுரண்டி, கேபிளை மாற்றியபின் அதே டோனுக்கு ஆம்ப் முனையில் 13.3 நிற்கிறது. கெபாசிட்டரைக் கழற்றவில்லை; அதன் தலையில் ஒரு டிஜிட்டல் வோல்ட்மீட்டர் இருக்கிறது, அது நன்றாக வேலை செய்கிறது.