ஹட்சன் ஹோர்னெட் 1/25: பழைய ஸ்டொக் கார் ஒன்றைக் கொழும்பில் கட்டுவது பற்றி

பழைய ஸ்டொக் கார்களின், அதாவது சாதாரண விற்பனைக் கார்களையே பந்தயத்தில் ஓட்டிய காலத்துக் கார்களின், மொடல்களைக் கட்டத் தொடங்க விரும்பும் எவருக்கும் முதலில் நான் எடுத்துக்கொடுக்கக்கூடியது, அமெரிக்காவின் மோபியஸ் மொடல்ஸ் நிறுவனம் 1/25 அளவில் வெளியிட்ட, 1950களின் தொடக்கத்தில் ஓடிய ஹட்சன் ஹோர்னெட் பந்தயக் கார்தான். அலமாரியில் வைத்துப் பார்க்க அழகானவை வேறு பல உண்டு. எனினும், ஒரு கார் எதனால் பந்தயங்களை வென்றது என்பதைக் கட்டுபவரின் கைகளுக்கே இவ்வளவு தெளிவாக உணர்த்தும் மொடலை நான் வேறு கண்டதில்லை.

அமெரிக்காவின் ஸ்டொக் கார் பந்தய அமைப்பான நாஸ்கார் நடத்தும் பந்தயங்களில் இன்று ஓடுபவை பந்தயத்துக்கென்றே கட்டப்படும் வாகனங்கள். தொடக்கத்தில் நிலைமை அவ்வாறு இருக்கவில்லை. நாஸ்கார் 1948 இல் உருவாகி, 1949 ஜூன் 19 அன்று சார்லட் நகரில் அதன் முதலாவது ‘ஸ்ட்ரிக்ட்லி ஸ்டொக்’ போட்டி நடைபெற்றபோது, விற்பனை நிலையத்தில் எவரும் வாங்கக்கூடிய கார்களே ஏறக்குறைய அதே நிலையில் ஓடுபாதைக்கு வந்தன. கதவுகள் திறந்துவிடாதபடி தோல் வாராலோ கயிற்றாலோ கட்டினார்கள். சக்கரம் கழன்றுபோகாதபடி உருக்குத் தகடு வைத்துப் பலப்படுத்தினார்கள். முன்விளக்குகளின் மேல் நாடா ஒட்டினார்கள். ஆகவே அக்காலத்துக் காரொன்றைக் கட்டுபவருக்குத் தன்னடக்கம் வேண்டும். உள்ளே குழாய்ச் சட்டங்களையும் பிற்காலத்துப் பந்தய இருக்கைகளையும் சேர்த்துவிட்டால், மொடல் எவ்வளவு நேர்த்தியாக அமைந்தாலும் அது 1952 ஆம் ஆண்டின் காராக இருக்காது.

ஹோர்னெட்டின் சிறப்பு அதன் தரையில் இருக்கிறது. 1948 இல் அமெரிக்கக் கார் நிறுவனமான ஹட்சன் அறிமுகப்படுத்திய உடலமைப்பில், பயணிகள் கால் வைக்கும் தரைத்தகடு காரின் அடிச்சட்டத்தின் மேலே அமராமல், அச்சட்டத்தின் இரு பக்கங்களுக்கும் இடையே கீழே இறங்கியிருந்தது. காருக்குள் ஏறுபவர் உண்மையில் ஒரு படி இறங்கித்தான் உட்கார வேண்டும். இதனால் கார் முழுவதும் தாழ்ந்தது, அதன் ஈர்ப்பு மையமும் தாழ்ந்தது, வளைவுகளில் போட்டியாளர்களின் உயரமான கார்கள் சாய்ந்து தடுமாறிய வேகத்தில் ஹோர்னெட் நிலைகுலையாமல் திரும்பியது. எழுத்தில் இதைப் படித்தபோது எனக்கு அரைகுறையாகவே விளங்கியது. உட்புறத் தரையையும் அடிப்பாகத்தையும் உடலோடு பொருத்திப் பார்க்கும் கட்டத்தில்தான் கூரை ஏன் அவ்வளவு பதிந்திருக்கிறது என்பது முழுமையாகப் புரிந்தது. முன், பின் அச்சுகளுக்கு இடையிலான தூரம் உண்மைக் காரில் 124 அங்குலம். 1/25 அளவில் அது 126 மில்லிமீற்றர். இத்தனை நீளமான காரில் உயரம் எவ்வளவு குறைவு என்பதைக் கவனித்தபின், பசை இடுவதற்கு முன் பாகங்களை ஓரிரு தடவைகள் வெறுமனே பொருத்திப் பார்ப்பது நல்லது. அடிப்பாகம் ஒரு மில்லிமீற்றர் கீழே நின்றாலும் காரின் நிற்கும் தோரணை கெட்டுவிடும்.

இயந்திரமும் அதே அளவு கவனத்துக்குரியது. எட்டு சிலிண்டர் இயந்திரங்கள் வளர்ந்துகொண்டிருந்த காலத்தில் ஹட்சன் நம்பியது, வால்வுகள் சிலிண்டர் கட்டையின் பக்கத்திலேயே அமைந்த, 308 கன அங்குலக் கொள்ளளவுடைய ஆறு சிலிண்டர் இயந்திரத்தை. அதற்கு இரட்டைக் காபரேட்டர்கள் பொருத்தி ‘ட்வின் எச் பவர்’ என்று பெயரிட்டார்கள். பந்தயத்துக்குத் தேவையான வலுவான உதிரிப்பாகங்களையும் ‘கடும் பாவனை’க்கு உரியவை என்ற பெயரில் தமது விற்பனைப் பட்டியலிலேயே சேர்த்துவிட்டதால், அவை சாதாரண வாடிக்கையாளருக்கும் கிடைக்கும் பாகங்களாகி, விதிகளுக்கு உட்பட்டவையாயின. இந்தச் சாமர்த்தியம் எனக்கு மிகவும் பிடிக்கும். பலன் உடனே தெரிந்தது: ஹட்சனை ஓட்டிய ஹேர்ப் தோமஸ் 1951 இலும் 1953 இலும், டிம் ஃப்ளொக் 1952 இலும் சாம்பியன் ஆனார்கள், 1952 இல் நடந்த 34 போட்டிகளில் 27 ஐ ஹட்சன் வென்றது.

மொடலில் இந்த இயந்திரம் எளிய வடிவம் கொண்டது. தலைப்பகுதி தட்டையாக இருப்பதால் ஆறு ஸ்பார்க் பிளக்குகளும் மேலேயே வரிசையாகத் தெரியும். எனவே அவற்றுக்கு வயர் இழுக்காமல் விடுவது பெரிய குறையாகத் தோன்றும். உண்மையான பிளக் வயர் ஏறத்தாழ 7 மில்லிமீற்றர் தடிப்புடையது என்று கொண்டால், இந்த அளவில் 0.28 மில்லிமீற்றர் போதும். மோட்டார் சுற்றிக்கொடுக்கும் கடைகளில் மிஞ்சும் மெல்லிய செம்புக் கம்பி இதற்கு மிகப் பொருத்தமானது. கேட்டால் ஒரு துண்டைச் சும்மாவே தந்துவிடுவார்கள்.

வர்ணம் பூசுவதுதான் கொழும்பில் வாழ்பவர் தனியாக யோசிக்க வேண்டிய விடயம். பெட்டிக்குள் வர்ணமும் பசையும் இருப்பதில்லை. அழுத்தம் நிறைந்த ஸ்பிரே டின்களை விமானத்தில் அனுப்புவதற்கும் கட்டுப்பாடுகள் உண்டு. ஆகவே பஞ்சிகாவத்தையில் வாகனங்களுக்கு வர்ணம் கலந்து கொடுக்கும் கடைகளை நாட வேண்டியிருக்கும். அங்கே எந்த நிறத்தையும் கலந்து பெறலாம் என்பது பெரும் வசதி. ஆனால் அந்த வர்ணங்களின் தின்னர் கடுமையானது, நேரடியாகப் பட்டால் மொடலின் பிளாஸ்டிக்கை அரித்து மேற்பரப்பில் நுண்ணிய வெடிப்புகளை உண்டாக்கும். முதலில் மொடல்களுக்கென்றே விற்கப்படும் பிரைமரைப் பூசி, நன்றாக உலரவிட்டு, அதன்மேல் மிக மெல்லிய படைகளாக வர்ணத்தைப் பூச வேண்டும். மினுக்கம் கலந்த வர்ணங்களைத் தவிர்ப்பது நல்லது. உண்மைக் காருக்கு அளவான உலோகத் துகள்கள் சிறிய காரின் மேல் சரளைக் கற்களைப் போலத் தோன்றும்.

இதற்கும் மேலாக ஈரப்பதன் இருக்கிறது. தின்னர் விரைவாக ஆவியாகும்போது மேற்பரப்பு குளிர்கிறது, காற்றிலுள்ள நீராவி அதன்மேல் ஒடுங்கி, வர்ணம் வெண்மையாகப் படிந்துவிடுகிறது. வெள்ளவத்தைக் கடலோரத்திலுள்ள தொடர்மாடி வீடுகளில், மே தொடக்கம் செப்டெம்பர் வரையான தென்மேல் பருவக்காலத்தில் இது சாதாரணமாக நிகழும். மழை ஓய்ந்து வெயில் நன்றாக ஏறிய முற்பகலில் பூசுவதும், மெதுவாக ஆவியாகும் தின்னரைச் சிறிதளவு சேர்ப்பதும், பூசிய உடலைச் சிலிக்கா ஜெல் இட்ட மூடிய பெட்டியில் உலரவிடுவதும் பயன் தரும். பெப்ரவரி போன்ற வரண்ட மாதத்துக்காக உடலை ஒதுக்கி வைத்துவிட்டு, மழைக்காலத்தில் இயந்திரத்தையும் உட்புறத்தையும் தூரிகையால் பூசி முடிப்பது இன்னும் சிறந்த ஏற்பாடு.

காரின் பக்கங்களில் வரும் எழுத்துகளும் எண்களும் நீரில் நனைத்து ஒட்டும் டெக்கல்களாக உள்ளன. பளபளப்பான மேற்பரப்பில் ஒட்டினால் அடியில் காற்று சிக்கி வெள்ளி நிறமாகத் தெரியாது. குரோம் பாகங்கள் எல்லா மொடல்களிலும் போலவே சற்று மிகையாக மின்னும். மண் பாதையில் ஓடிய காருக்கு மெல்லிய மங்கல் வார்னிஷ் ஒரு படை போதுமானது. கார் முழுவதிலும் தூசியைப் பூச வேண்டியதில்லை. சக்கர வளைவுகளிலும் பின் பம்பரின் அடியிலும் படிந்த அளவே உண்மையாகத் தோன்றும்.

வாங்குவதைப் பொறுத்தவரை, கொழும்பின் விளையாட்டுப் பொருள் கடைகளில் இத்தகைய பழைய ஸ்டொக் கார்களை எதிர்பார்க்க முடியாது. இணையத்தில் வரவழைத்தால் அனுப்பும் கட்டணமும் சுங்க வரியும் சேர்ந்து விலை கணிசமாக ஏறிவிடும். கனடாவிலிருந்தோ இலண்டனிலிருந்தோ விடுமுறைக்கு வரும் உறவினரிடம் சொல்லிவைப்பதே மலிவான வழி. அப்படிச் சொல்லும்போது பந்தயப் பதிப்பைத் தெளிவாகக் குறிப்பிட வேண்டும். இதே நிறுவனம் ஹோர்னெட்டின் வீதிப் பதிப்பையும் கூரை திறக்கும் பதிப்பையும் வெளியிட்டிருப்பதால், பெயரை மட்டும் கேட்டு வாங்குபவர் குழம்பக்கூடும். ஹேர்ப் தோமஸின் 92 ஆம் இலக்கக் காரையே நான் தெரிவு செய்வேன். அவருடைய அசல் ஹோர்னெட் மிச்சிகன் மாநிலத்தின் இப்சிலான்ரி நகரிலுள்ள அருங்காட்சியகத்தில் இன்றும் இருப்பதால், ஐயம் எழும் இடங்களில் அதன் புகைப்படங்களோடு ஒப்பிட்டுப் பார்க்கலாம்.

கட்டி முடித்த காரை அக்ரிலிக் பெட்டிக்குள், அடியில் முகம் பார்க்கும் கண்ணாடித் துண்டொன்றை இட்டு வைப்பது நல்லது. சிரமப்பட்டுக் கட்டிய தரை அப்போதுதான் பார்ப்பவருக்குத் தெரியும். மென்மையான டயர்கள் நாளடைவில் தாம் தொட்டிருக்கும் பிளாஸ்டிக்கை இளக்கி அதில் ஒட்டிக்கொள்ளும் தன்மையுடையவை என்பதால், கார் கண்ணாடியின் மேல் நிற்பது அந்த வகையிலும் பாதுகாப்பானது.