வடசென்னைக் கல்லூரி நூலகத்தின் மின்வளங்கள்: மூன்று ஆண்டுப் பயன்பாட்டு அனுபவம்

எண்ணூர், மீஞ்சூர் பக்கமிருந்து மின்சார ரயிலில் வரும் மாணவருக்கு நூலகத்தில் உட்காரக் கிடைக்கும் நேரம் ரொம்பக் குறைவு. வகுப்பு முடிந்ததும் ரயிலைப் பிடிக்க ஓட வேண்டும். நூலகமும் மாலையிலேயே பூட்டிவிடும். அதனால் இங்கே ஒரு கல்லூரி நூலகத்தின் இணைய வசதியை எடைபோட ஒரே கேள்வி போதும்: ராத்திரி ஒன்பது மணிக்கு வீட்டில் கைப்பேசியில் அது திறக்கிறதா? திறக்கிறது. ஆனால் எந்த வழியாக நுழைகிறோம் என்பதைப் பொறுத்தது.

குஜராத்தின் காந்திநகரில் உள்ள, கல்வி நூலகங்களை இணைக்கும் இன்ஃப்ளிப்நெட் மையம் 2010இல் தொடங்கிய என்-லிஸ்ட் என்ற இணையத் திட்டம்தான் கலை அறிவியல் கல்லூரிகளுக்குப் பெரிய வாசல். ஆறாயிரத்துக்கு மேற்பட்ட இதழ்கள், ஏறத்தாழ இரண்டு லட்சம் மின்னூல்கள். கல்லூரி உறுப்பினராக இருந்தால் மட்டும் போதாது. ஒவ்வொரு மாணவருக்கும் நூலகர் தனிக்கணக்கு திறந்து தரவேண்டும். பெயர், துறை, மின்னஞ்சல் எழுதிக் கொடுத்துக் கேட்டு வாங்குங்கள். தானாக வராது.

பலரும் தடுக்கி விழும் இடம் இதற்குப் பிறகு. கூகுளில் கட்டுரையைத் தேடி, பதிப்பகத்தின் தளத்துக்கு நேராகப் போனால் காசு கேட்கும். நீங்கள் யார் என்று அந்தத் தளத்துக்குத் தெரியாது. என்-லிஸ்ட் தளத்தில் முதலில் நுழைந்து, அங்கே இருக்கும் பட்டியலைச் சொடுக்கித்தான் பதிப்பகத்துக்குப் போகவேண்டும். இன்னொன்று, நுழைவுப் பக்கத்தை புக்மார்க் செய்யாதீர்கள். அந்த முகவரியில் அன்றைய கோரிக்கைக்கான குறியீடும் ஒட்டிக்கொண்டிருக்கும்; மறுநாள் திறந்தால் ‘காலாவதியான கோரிக்கை’ என்ற பொருளில் பிழை காட்டும். கடவுச்சொல்தான் தப்பு என்று நினைத்து மாற்றிக்கொண்டே இருப்பார்கள், பாவம். தளத்தின் முகப்பை மட்டும் சேமித்தால் போதும்.

ஒரே மூச்சில் நூறு கட்டுரைகளை இறக்கவும் வேண்டாம். பதிப்பகங்கள் அதை இயந்திரத்தின் வேலை என்று கணித்து வழியை அடைத்துவிடும். கல்லூரி வளாகத்திலிருந்து இறக்கினால் மொத்தக் கல்லூரிக்கும் தடை விழலாம்.

2025 ஜனவரி 1 முதல் நடப்பிலுள்ள ‘ஒரே நாடு ஒரே சந்தா’ திட்டம் 30 பதிப்பகங்களின் 13,000 அளவிலான இதழ்களைத் தருகிறது. முதல் கட்டத்தில் அது ஒன்றிய, மாநில அரசுகள் நடத்தும் நிறுவனங்களுக்குத்தான். தனியார் கல்லூரிகளுக்கு இல்லை. அடுத்த தெருக் கல்லூரி நண்பருக்குத் திறப்பது உங்களுக்குத் திறக்காததற்கு இதுவே காரணமாக இருக்கலாம்.

ஆய்வேடுகளுக்கு, இந்தியப் பல்கலைக்கழக ஆய்வேடுகளைச் சேர்த்துவைக்கும் சோத்கங்கா தளம். கணக்கே தேவையில்லை. பெரும்பாலும் ஒவ்வோர் இயலும் தனித்தனி பிடிஎஃப் கோப்பாக இருக்கும். பொருளடக்கத்தை முதலில் திறந்து, வேண்டிய இயலை மட்டும் இறக்கினால் டேட்டா மிஞ்சும். தமிழ் ஆய்வேடுகளில் ஒரு பெரிய சங்கடம் உண்டு. பல ஏடுகள் ஸ்கேன் செய்த படங்கள். வேறு சில பாமினி போன்ற பழைய எழுத்துருக்களில் தட்டியவை. கண்ணுக்குத் தமிழாகத் தெரியும், நகலெடுத்து ஒட்டினால் ஆங்கில எழுத்துகளாகச் சிதறும். உள்ளே தேடவும் முடியாது. ஸ்கேன் பக்கங்களுக்கு கூகுள் டிரைவ் கைகொடுக்கிறது: நாலைந்து பக்கங்களாகப் பிரித்து, கோப்பு 2 எம்பிக்குள் இருக்கும்படி ஏற்றி, கூகுள் டாக்ஸில் திறந்தால் எழுத்தாக மாற்றித் தரும். ற, ர குழப்பம் வரும். மூலத்தோடு ஒப்பிடாமல் மேற்கோள் காட்டக் கூடாது. திரைவாசிப்பான் வழியாகப் படிக்கும் பார்வையற்ற மாணவர்களுக்கு இந்தப் படக்கோப்புகள் வெறும் வெற்றுத்தாள். இந்த வேலையை நூலகமே முன்வந்து செய்துகொடுக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

மூன்று ஆண்டில் அதிகம் வருத்தப்பட வைத்தது ஓபேக், அதாவது நூற்பட்டியல் தேடல். மென்பொருள் கோஹா, நல்ல மென்பொருள், இலவசம். கோளாறு பதிவிட்ட தமிழில் இருக்கிறது. ‘ஔவையார்’ என்று தேடினால் ஒன்றும் வராது, அலமாரியிலோ புத்தகம் இருக்கும். பதிவிட்டவர் ‘ஔ’ என்ற ஒரே எழுத்துக்குப் பதில் ‘ஒ’, ‘ள’ என இரண்டு தட்டியிருப்பார். ‘கௌதமர்’ என்பதிலும் இதே கதை: ஔகாரக் குறிக்குப் பதில் ஒற்றைக்கொம்பும் ளகரமும். பார்வைக்கு ஒன்றே, கணினிக்கு வேறு. இதோடு ‘சாமிநாதையர்’, ‘சாமிநாத ஐயர்’ என்ற வேறுபாடும், பழைய பதிவுகளில் ரோமன் எழுத்தில் இருக்கும் தலைப்புகளும் சேர்ந்துகொள்கின்றன.

தேடுபவர் செய்யக்கூடியது: சிக்கலான எழுத்தைத் தவிர்த்து ‘வையார்’ போலத் துண்டாகத் தேடாதீர்கள், சொல்லின் நடுப்பகுதி பெரும்பாலும் பிடிபடாது. தலைப்பின் வேறொரு எளிய சொல்லைக் கொடுங்கள், அல்லது 2007க்குப் பிறகு வந்த நூலென்றால் 13 இலக்க ஐஎஸ்பிஎன், அதாவது நூலின் அடையாள எண். நூலகம் செய்யவேண்டியது இன்னும் முக்கியம்: கோஹாவின் ஜீப்ரா தேடுபொறி, பல மொழி எழுத்துகளைக் கையாளும் ஐசியு முறையில் அட்டவணைப்படுத்தப்பட்டிருக்கிறதா என்று பார்ப்பது, மார்க் என்ற நூற்பதிவு வடிவத்தில், ஆசிரியர் பெயரின் மாற்று வடிவங்களைப் பெயருக்கான தனிப் பதிவின் 400 புலத்திலும் தலைப்பின் மாற்று வடிவங்களை நூற்பதிவின் 246லும் சேர்ப்பது. பிழையான பதிவைக் கண்டால் நூற்பதிவு எண்ணோடு துண்டுச்சீட்டில் எழுதிக் கொடுங்கள். எங்கள் நூலகத்தில் அப்படிக் கொடுத்தவை திருத்தப்பட்டிருக்கின்றன.

வைஃபை பற்றிச் சுருக்கமாக. ஏற்கெனவே பதிந்த கைப்பேசியைப் புதிய கருவி என்று மறுபடி பதிவு கேட்டால், காரணம் தற்செயல் மேக் முகவரியாக இருக்கலாம்; வைஃபையில் கருவியை அடையாளம் காட்டும் எண்ணுக்குப் பதில் கைப்பேசி தரும் மாற்று எண் அது. ஆண்ட்ராய்டு 10 முதல் அது இயல்பாகவே இயங்குகிறது. கல்லூரி வைஃபையின் அமைப்பில் மட்டும் ‘கருவியின் மேக்’ என்று மாற்றுங்கள். இரும்பு அலமாரிகளுக்கு நடுவே 5 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசை சரியாக எட்டாது, 2.4 பிடித்தால் மெதுவாகவாவது ஓடும்.

தானியங்கி வழங்கல் இயந்திரத்தில் மெல்லிய புத்தகங்களை அடுக்கி வைக்காதீர்கள். புத்தகங்களை அடையாளம் காட்ட உள்ளே ஒட்டிய ஆர்எஃப்ஐடி சில்லுகள் ஒன்றன்மேல் ஒன்று படிந்தால் ஒன்று பதிவாகாமல் போகும், வாசலில் மணி அடிக்கும். ஒவ்வொன்றாக வைத்து, திரையில் எண்ணிக்கையைச் சரிபாருங்கள்.

மேற்கோள் நூல்களின் குறிப்புகளைச் சேமிக்க ஜொட்டேரோ என்ற மென்பொருள். இலவச இடம் 300 எம்பிதான். பிடிஎஃப்களை ஏற்றாமல் நூல்விவரத்தை மட்டும் ஏற்றினால் முதுகலை முடியும்வரை தாராளமாக வரும். கணக்கை மட்டும் சொந்த மின்னஞ்சலில் தொடங்குங்கள். படிப்பு முடிந்ததும் என்-லிஸ்ட் கணக்கோடு கல்லூரி மின்னஞ்சலும் மூடப்படலாம். கடைசிப் பருவத் தேர்வுக்கு முன்பே வேண்டிய கட்டுரைகளை இறக்கி வைத்துவிடுங்கள்.