லைப்ரரி ஆன்லைன் டெஸ்ட்: கடைசி பத்து நிமிஷத்துக்குத்தான் என் 3 ஸ்டாரும்

வேலை பாத்துக்கிட்டே பார்ட் டைம் டிகிரி படிக்கறேன், வயசு 36. செமஸ்டர் ஆரம்பிக்கறதுக்கு முன்னாடி லைப்ரரிலேர்ந்து ஒரு ஆன்லைன் டெஸ்ட் கட்டாயம்னுட்டாங்க, தகவல் தேடத் தெரியுதா, எத நம்பலாம்னு பாக்கத் தெரியுதான்னு அளக்கறாங்களாம். ஸ்கூல் பேர் வேணாம், இன்னும் மூணு வருஷம் அங்கதான் போய் வரணும்.

முதல் கேள்வியே தேடுறதுல நீங்க எவ்ளோ கெட்டி, 1லேர்ந்து 5க்குள்ள போடுங்கன்னு. நான் ரொம்ப யோசிச்சு 3 போட்டேன், பக்கத்துல உக்காந்திருந்த 22 வயசு தம்பி "என்னக்கா இதுக்கெல்லாம் யோசிக்கிறீங்க"ன்னு 5 தட்டிட்டு போயிட்டான். கடைசில அவனுக்கு என்னவிட 14 மார்க் கம்மி. அப்ப அந்த கேள்வி எத அளந்துச்சு, தைரியத்தையா?

அப்புறம் 40 கேள்வி, 45 நிமிஷம், எல்லாம் நாலுல ஒண்ண டிக் பண்றதுதான். டேட்டாபேஸ்ல, அதாவது லைப்ரரியோட கட்டுரைத் தொகுப்புல, தேடுற பகுதி ஓகே லா, குறை சொல்ல மாட்டேன். மேற்கோள் குறிக்குள்ள போட்டா அந்த சொற்றொடர் அப்படியே வரும், சொல்லோட முன்பாதிய மட்டும் போட்டு நட்சத்திரக்குறி வச்சா அதுல ஆரம்பிக்கற சொல்லெல்லாம் சொந்தக்காரங்க மாதிரி வரிசையா வந்து நிக்கும், இது எனக்கு நெஜமாவே தெரியாது, அதுவரைக்கும் கூகள்ல கேக்கற மாதிரி முழு வாக்கியத்த டைப் பண்ணிட்டு ஒண்ணும் வரலியேன்னு உக்காந்திருந்தேன்.

கடுப்பானது எங்கன்னா, ஒரு கேள்விக்கு ".ஆர்க்"னு (.org) முடியற தளம்தான் நம்பகமானதுன்னு விடை வச்சிருக்காங்க. ".ஆர்க்" யார் வேணா காசு குடுத்து வாங்கலாம், நாளைக்கே எங்க ப்ளாக் கீழ இருக்கற கோப்பிக்கடைக்கு நான் ஒண்ணு வாங்கித் தரேன். ".கவ்.எஸ்ஜி"னு (.gov.sg) கேட்டிருந்தா நியாயம், அது சிங்கப்பூர் அரசாங்கத்துக்கு மட்டும்தான்.

கடைசி பகுதிக்கு வந்தப்பதான் நிமிந்து உக்காந்தேன். ரெண்டு அமெரிக்க குழந்தை மருத்துவர் சங்கம், ரெண்டோட வெப்சைட்டும் குடுத்து, 10 நிமிஷம், வேற எந்த பக்கம் வேணா தொறந்துக்கங்க, எது நம்பகமானதுன்னு காரணத்தோட எழுதுங்கன்னு. பேரும் ஒரே மாதிரி, தளமும் பளிச்சுன்னு ஒரே மாதிரி. நான் 6 நிமிஷம் ஒரு தளத்துக்குள்ளயே சுத்திச் சுத்தி வந்தேன், லோகோ நல்லாருக்கே, கட்டுரைக்கு கீழ குறிப்பெல்லாம் இருக்கேன்னு. அப்புறம்தான் புது டேப்ல பேரத் தேடுனேன், ஒண்ணு 1930லேர்ந்து இருக்கற பெரிய சங்கம், இன்னொண்ணு ஒரே பாலின தம்பதி தத்தெடுக்கறத பெரிய சங்கம் ஆதரிச்சது பிடிக்காம 2002ல பிரிஞ்சு போன சின்ன குழு. தளத்துக்குள்ள எவ்ளோ தேடியும் கிடைக்காதது வெளிய அரை நிமிஷத்துல கிடைச்சிருச்சு.

டெஸ்ட் முடிஞ்சதும் வந்த விளக்கத்துல, இந்த கடைசி பகுதி அமெரிக்காவுல ஸ்டான்ஃபோர்ட் யூனிவர்சிட்டில 10 வரலாற்று அறிஞர், 10 தகவல் சரிபார்ப்பாளர், 25 மாணவர்கள வச்சு செஞ்ச ஆய்வுலேர்ந்து எடுத்ததுன்னு போட்டிருந்துச்சு. சரிபார்ப்பாளருங்க தளத்துல நிக்கவே இல்லையாம், உடனே வெளிய போய் மத்தவங்க இதப் பத்தி என்ன சொல்றாங்கன்னு பாத்தாங்களாம், அறிஞருங்களே நெறைய பேர் தடுமாறினாங்களாம், மனசுக்கு கொஞ்சம் ஆறுதல். ஆனா இந்த பகுதிக்கு மொத்தம் 10 மார்க்தான், அத 50 ஆக்கிட்டு அந்த டிக் கேள்விங்கள பாதியா வெட்டலாம்.

இன்னொரு குறை, ஏஐ பத்தி ஒரு கேள்விகூட இல்ல. என் க்ரூப் அசைன்மெண்ட்ல ஒருத்தர் சாட்ஜிபிடி குடுத்த நாலு கட்டுரைப் பேர ஆதாரமா அப்படியே ஒட்டிட்டாரு, தேடிப் பாத்தா ரெண்டு கட்டுரை உலகத்துலயே கிடையாது, ஆனா ஆசிரியர் பேரு, பக்க எண்ணு எல்லாம் ஜம்முன்னு இருக்கு.

செய்யப் போறவங்களுக்கு: போன்ல பண்ணாதீங்க, கடைசி பகுதில டேப் மாறி வந்தா எழுதுனது அழிஞ்சு போகுது, எனக்கு ரெண்டு தடவ போச்சு. லைப்ரரிக்கு மெயில் போட்டேன், மறுநாளே பதில் போட்டு திரும்ப தொறந்து விட்டாங்க.