மாரத்தான் பயிற்சியும் பிசியோவும் ஒரே பேக்கேஜில்: பணம் கட்டும் முன் இதைப் படியுங்கள்

ஜனவரியில் நடக்கும் சென்னை மாரத்தானுக்குப் பெயர் கொடுத்துவிட்டு, கால் வலியோடு "பயிற்சியும் நாங்களே, பிசியோவும் நாங்களே" என்று விளம்பரம் செய்யும் இடங்களை விசாரித்துக்கொண்டிருப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். தென்சென்னையில் அப்படி ஓர் இடத்தில் 38,000 ரூபாய் கட்டினேன். எலும்பில் விரிசல் விட்ட காலோடு என்னை வாரக்கணக்கில் ஓட வைத்தார்கள். நுகர்வோர் ஆணையத்தில் புகார் கொடுத்திருப்பதால் அந்த இடத்தின் பெயரை எழுதவில்லை. என்ன செய்தார்கள் என்பதை மட்டும் சொல்கிறேன், எங்கே பார்த்தாலும் உங்களுக்கு அடையாளம் தெரியும்.

எனக்கு வயது 44. அரை மாரத்தான்கள் ஓடியவள், முழு மாரத்தான் இதுதான் முதல்முறை. 42 கிலோமீட்டருக்குத் தயாராகும்போது உடம்பில் எங்கேயாவது வலித்துக்கொண்டேதான் இருக்கும். தொடை இறுகும், குதிகால் காலையில் எழுந்ததும் குத்தும், இரண்டு நாளில் சரியாகும். வலது கணைக்காலின் உள்பக்கம் வந்த வலி அப்படிப் போகவில்லை. முதலில் ஓடி முடித்தபின் வலித்தது. அப்புறம் ஓடும்போதே வலித்தது. பிறகு மாடிப்படி இறங்கும்போது, கடைசியில் ராத்திரி படுத்திருக்கும்போதும். வலி இந்த வரிசையில் ஏறுவதே ஸ்ட்ரெஸ் ஃப்ராக்சருக்கான (திரும்பத் திரும்ப ஓடுவதால் எலும்பில் விழும் மெல்லிய விரிசல்) முக்கியமான அறிகுறி என்று பின்னால் எலும்பு மருத்துவர் சொன்னார். இதே வரிசையை நான் பேக்கேஜ்காரர்களிடம் முதல் நாளே சொல்லியிருந்தேன்.

அங்கே வெள்ளைக் கோட் போட்ட ஒரு இளைஞர் இருந்தார். பாதத்தை மெஷினில் வைத்து ஸ்கேன் எடுத்தார், டிரெட்மில்லில் ஓடவிட்டு வீடியோ எடுத்தார். வலிக்கிற இடத்தை மட்டும் தொட்டுப் பார்க்கவில்லை. "ஷின் ஸ்பிளின்ட் மேடம், எல்லா ரன்னருக்கும் வரும். ஓடிக்கிட்டே சரி பண்ணிடலாம்" என்றார். கணைக்கால் எலும்பின் ஓரத்தில் ஓட்டக்காரர்களுக்கு வரும் வலியைத்தான் அப்படிச் சொல்வார்கள். கெண்டைக்காலில் ஊசி குத்தும் டிரை நீடிலிங், கிண்ணம் வைத்துத் தோலை உறிஞ்சும் கப்பிங், நீல நிற டேப் என்று ஒவ்வொரு முறையும் ஏதாவது நடந்தது. செய்து முடித்த அன்று கொஞ்சம் இதமாக இருக்கும், மறுநாள் ஓடினால் பழைய வலி.

எலும்பு மருத்துவர் செய்த பரிசோதனை ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. கட்டைவிரலால் கணைக்கால் எலும்பின் உள்விளிம்பை மேலிருந்து கீழே அழுத்திக்கொண்டே வந்தார். ஓரிடத்தில், ஒரு ரூபாய் நாணயம் அளவுக்கு, உயிர் போகிற வலி. அதற்கு மேலேயும் கீழேயும் ஒன்றுமில்லை. ஷின் ஸ்பிளின்ட் என்றால் விளிம்பு நெடுக, நாலைந்து விரலுக்கு மேல் பரவி வலிக்கும். இப்படி ஒரே புள்ளியில் வலித்தால் எலும்பைச் சந்தேகப்பட வேண்டும் என்றார். அந்தக் காலில் ஒருமுறை குதிக்கச் சொன்னார். முடியவில்லை. எம்ஆர்ஐ எடுத்ததில் விரிசல் தெரிந்தது.

எக்ஸ்ரே எடுக்கவில்லையா என்று கேட்பீர்கள். நான் வற்புறுத்தியதால் பேக்கேஜ்காரர்களே ஒரு லேபுக்கு அனுப்பி எடுத்தார்கள். படம் சுத்தமாக இருந்தது. அதை வாட்ஸ்அப் குழுவில் போட்டு "க்ளியர்! 28 கி.மீ. லாங் ரன்னுக்கு ரெடி" என்று எழுதினார் பயிற்சியாளர். இந்த வகை விரிசல் முதல் சில வாரங்களுக்கு எக்ஸ்ரேயில் பெரும்பாலும் தெரியாது. காயச் சிகிச்சை என்று காசு வாங்குகிறவர்களுக்கு இது தெரிந்திருக்க வேண்டும். தெரியாமல் செய்தார்களா, தெரிந்தே செய்தார்களா என்பது எனக்கு இன்றுவரை புரியவில்லை. இரண்டுமே மன்னிக்க முடியாதவை.

எனக்கு இன்னும் ஆறாத கோபம் மாத்திரை விஷயத்தில்தான். லாங் ரன் நாட்களில் விடியற்காலை நாலரை மணிக்கு, திருவான்மியூரில் கிளம்பும் முன் எல்லோர் கையிலும் ஒரு மாத்திரை கொடுப்பார்கள். "ரெக்கவரி டேப்லெட்" என்பார்கள். அட்டையிலிருந்து ஒவ்வொன்றாகக் கத்தரித்த துண்டு. பெயர் இருக்கும் பகுதி பாதி வெட்டுப்பட்டிருக்கும். ஒன்றைப் பையில் போட்டுக்கொண்டு வந்து எங்கள் தெரு மெடிக்கல் ஷாப் தம்பியிடம் காட்டினேன். பின்பக்க எழுத்துகளைப் பார்த்துவிட்டு, "எட்டோரிகாக்சிப் 90 அக்கா. வலி மாத்திரை. சீட்டு இல்லாம நாங்களே தரக் கூடாது. நீங்க பிரஷர் மாத்திரை சாப்பிடுறீங்கள்ல, யார் குடுத்தா இதை?" என்றார்.

நான் தினமும் டெல்மிசார்டன் சாப்பிடுகிறேன். எனக்கு பிரஷர் உண்டா, சிறுநீரகத்தில் பிரச்சினை உண்டா என்று அந்த இடத்தில் ஒருவரும் கேட்டதில்லை. இந்த வலி மாத்திரை ரத்த அழுத்தத்தை ஏற்றும். பிரஷர் மாத்திரையோடு இதையும் போட்டுக்கொண்டு, சென்னைப் புழுக்கத்தில் மூன்று மணி நேரம் வியர்வை கொட்ட ஓடினால் சிறுநீரகத்துக்கு ஆபத்து என்று மருத்துவர் சொன்னார். போதாததற்கு, நிறுத்து என்று உடம்பு சொல்கிற வலியையே அது மறைத்துவிடும். அந்த மாத்திரையோடு ஈசிஆரில் ஓடிய ஒரு லாங் ரன்னில் இருபதாவது கிலோமீட்டரில் என்னால் காலை ஊன்ற முடியவில்லை. பயிற்சியாளருக்கு போன் செய்தேன். "இதைத் தாண்டினாதான் மேடம் ஃபினிஷர்" என்றார். ஆட்டோ பிடித்து வீட்டுக்கு வந்தேன்.

மருத்துவர் கேட்ட கேள்விகளையும் சொல்ல வேண்டும், குறிப்பாகப் பெண்களுக்காக. மாதவிடாய் ஒழுங்காக வருகிறதா, எடை குறைக்கச் சாப்பாட்டைக் குறைத்தீர்களா, வைட்டமின் டி பார்த்தீர்களா, வாராந்தர தூரத்தை எவ்வளவு வேகமாகக் கூட்டினீர்கள் என்றெல்லாம் கேட்டார். பேக்கேஜில் காலை ஓட்டத்துக்கு முன் எதுவும் சாப்பிடக் கூடாது, ராத்திரி சோறு கூடாது என்று ஒரு டயட் சார்ட் உண்டு. ஓடுகிற அளவுக்குச் சாப்பாடு இல்லாவிட்டால் எலும்பு பலவீனமாகும். அந்த சார்ட்டைப் பார்த்ததும் அவர் முகம் மாறிவிட்டது.

விரிசல் உள்விளிம்பில் இருந்ததால் ஓய்விலேயே கூடிவிட்டது. இதே எலும்பின் முன்பக்கத்தில் வந்திருந்தால் லேசில் கூடாது, உள்ளே கம்பி வைக்க வேண்டியும் வரலாம் என்றார்கள். கொஞ்ச நாளில் நீச்சலுக்கும், பிறகு சைக்கிளுக்கும் அனுமதி கிடைத்தது. ட்ரையத்லான் (நீச்சல், சைக்கிள், ஓட்டம் மூன்றும் சேர்ந்த போட்டி) செய்கிற தோழி ஒருத்திதான் அந்த மாதங்களில் என்னைக் குளத்துக்கு இழுத்துக்கொண்டு போனாள். அந்த வருட மாரத்தான் போனது போனதுதான்.

சரி, பணத்தைத் திருப்பிக் கேட்டேன். "பேக்கேஜ் ஆரம்பிச்சிட்டா ரீஃபண்ட் கிடையாது" என்றார்கள். தவறான சிகிச்சை கொடுத்தீர்களே என்றதற்கு, "நாங்க ட்ரீட்மென்ட்டே குடுக்கலையே, பில்லைப் பாருங்க" என்று பதில் வந்தது. பில்லில் "வெல்னஸ் சர்வீஸ்" என்றுதான் இருந்தது, ஜிஎஸ்டியும் போட்டிருந்தார்கள். தகுதி பெற்றவர்கள் தரும் மருத்துவச் சேவைக்கு ஜிஎஸ்டி கிடையாது. விளம்பரத்தில் சிகிச்சை, பில்லில் வெல்னஸ் என்றால் அங்கேயே சுதாரித்துக்கொள்ளுங்கள். வெள்ளைக் கோட்காரர் என்ன படித்தார் என்று எழுத்தில் கேட்டபோது அனுப்பியது டேப் ஒட்டும் வார இறுதி வகுப்பின் சான்றிதழ். பிசியோதெரபிஸ்ட் என்றால் பிபிடி (பிசியோதெரபி இளநிலை) பட்டம் வேண்டும், அதற்கு நாலு வருடத்துக்கு மேல் படிக்க வேண்டும். ஊசியைக் கையில் எடுக்கிறவரிடம் இதைக் கேட்பதில் கூச்சமே வேண்டாம்.

தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-இல் முதலில் பதிந்தேன். அவர்கள் பேசியும் மசியாததால் மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போனேன். நாம் சேவைக்குக் கட்டிய பணம் 5 லட்சம் ரூபாய் வரை என்றால் மனுவுக்குக் கட்டணம் கிடையாது, இணையத்திலேயே மனு போடலாம், பிரச்சினை நடந்து 2 வருடத்துக்குள் போட வேண்டும். விளம்பரத்தின் ஸ்கிரீன்ஷாட், வாட்ஸ்அப் உரையாடல், பில், எம்ஆர்ஐ அறிக்கை, அந்த மாத்திரைத் துண்டு எல்லாம் என்னிடம் இருந்தன. நோட்டீஸ் போனதும் "அடுத்த சீசன் ஃப்ரீயா சேர்ந்துக்கோங்க" என்று செய்தி அனுப்பினார்கள். வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். விசாரணை நடக்கிறது.

அந்தக் குழுவில் என்னோடு ஓடிய சிலர் இன்னும் அங்கேதான் பயிற்சி எடுக்கிறார்கள். இதைப் படித்தால் அந்த மாத்திரையை வாங்காதீர்கள், ஏற்கெனவே சாப்பிட்டவர்கள் கிரியாட்டினின் (சிறுநீரகத்துக்கான ரத்தப் பரிசோதனை) ஒருமுறை பார்த்துவிடுங்கள். தொடையிடுக்கில், இடுப்புக்கு முன்பக்கம் வலியோடு ஓடுகிறவர்கள் இன்றே ஓட்டத்தை நிறுத்திவிட்டு எலும்பு மருத்துவரைப் பாருங்கள். அங்கே விரிசல் விட்டால் தொடை எலும்பின் கழுத்தே உடைந்து விலகிவிடும் அபாயம் உண்டு, விலகினால் அறுவை சிகிச்சைதான்.